துண்டு, செக்ரோல், முன்பணம்: மலையகத் தோட்டப் பொருளாதாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் அவர்கள். "எங்க தாத்தா ஏன் சேர், கடனை அடைச்சிட்டு ஊருக்குத் திரும்பிப் போகல?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நான்கு வகுப்புகள் ஆயின. அந்த நான்கு வகுப்புகளிலும் பிறகும் எழுந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மலையகத்தில் தோட்டங்கள் எப்படித் தொடங்கின?

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். ஆளுநர் எட்வர்ட் பான்ஸும் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் போட்டார். நாட்டை ஆள வந்தவரே தோட்டக்காரராகவும் இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த பல சட்டங்கள் ஏன் அப்படி எழுதப்பட்டன என்று புரியும்.

கோப்பி பெரும் வியாபாரமானது 1830களின் பிற்பகுதியில்தான். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததால் அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரிட்டன் ஒரே சுங்கவரி வைத்தது. உடனே எல்லோரும் காணி தேடிக் கண்டிக்கு வந்தார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடு, தரிசு, சேனை (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும்) நிலமெல்லாம் பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்று சொன்னது. தலைமுறையாக ஆண்டு அனுபவித்த நிலத்துக்குக் கிராமத்தான் எங்கே போய்ப் பத்திரம் தேடுவான்? அப்படி எடுத்த நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகள், படை அதிகாரிகள், பாதிரிமார்கூட இருந்தார்கள்.

சிங்கள விவசாயிகள் ஏன் தோட்ட வேலைக்கு வரவில்லை? சோம்பேறிகள் என்று எழுதியிருக்கிறார்களே?

அது துரைமார், அதாவது தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரர், எழுதி வைத்த கதை. கண்டிய விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது. காடு வெட்டுவது, வண்டி ஓட்டுவது, கட்டடம் கட்டுவது போன்ற வேலைகளுக்கு அவர்கள் கூலிக்கு வந்தார்கள். ஆனால் குறைந்த கூலிக்கு, ஆண்டு முழுக்க, மற்றவன் அதட்டலுக்குக் கீழே நிற்கும் அவசியம் அவர்களுக்கு இல்லை. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832இல் நீக்கியபோது கூலியாட்கள் வந்து குவிவார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. அது நடக்கவில்லை.

அவர்களும் அடிபட்டவர்கள்தான். காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தார்கள். 1848இல் புதுவரிகள் வந்தபோது மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. நம்மைக் கொண்டுவந்ததும் அவர்கள் நிலத்தை எடுத்ததும் ஒரே கை. இதை நான் வகுப்பில் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இரண்டு பக்கப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லியே வளர்கிறார்கள்.

நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளா, கொத்தடிமைகளா, சுதந்திரத் தொழிலாளரா?

மொரீசியஸ், பீஜி, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனவர்கள் ஐந்து வருடம் என்று எழுத்தில் கைநாட்டு வைத்துப் போனவர்கள். இலங்கைக்கு வந்தவர்கள் அப்படி வரவில்லை. இங்கே மாத ஒப்பந்தம், அதுவும் பெரும்பாலும் வாய்ச்சொல். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது சட்டம். அதனால் "இது சுதந்திரத் தொழில்" என்று தோட்டக்காரர்கள் லண்டனில் பெருமை பேசினார்கள்.

ஆனால் அந்த ஆள் முதல் நாள் வேலைக்கு நிற்கும்போதே கடன்காரன். கடனோடு ஒருவன் எப்படி முன்னறிவிப்புக் கொடுப்பான்? சட்டப் புத்தகத்தில் அவன் சுதந்திரமானவன், கணக்குப் புத்தகத்தில் கட்டுப்பட்டவன். சங்கிலியை மட்டும் தேடினால் மலையகத்தின் கதை கிடைக்காது, கணக்கைப் பார்க்க வேண்டும்.

கங்காணி யார்? அவர் நம் ஆள்தானே?

ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்து, தோட்டத்தில் அவர்களிடம் வேலை வாங்கிய தலைவர்தான் கங்காணி. ஆம், நம் ஆள்தான். அதனால்தான் இந்த முறை அவ்வளவு பலமாக நின்றது.

தோட்டத்துரை ஒரு தொகையை முன்பணமாகக் கங்காணியிடம் கொடுப்பார். கங்காணி கடலைத் தாண்டித் தன் சொந்த ஊருக்கே போவார். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்கள்தான் அதிகம். சொந்தக்காரர், தெருக்காரர், தன் பண்ணையில் வேலை செய்தவர் என்று பேசிச் சேர்ப்பார். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாகச் சொல்லும் கதை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆசை மட்டும் காரணமில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் வந்த பெரும் பஞ்சம் போல அடுத்தடுத்துப் பஞ்சங்கள் வந்தன. நிலமில்லாதவனுக்கும், சாதியால் மிதிபட்டவனுக்கும் ஊரில் இருப்பதைவிட எங்காவது போவது மேலாகத் தெரிந்தது.

ஊரில் அவன் பட்ட பழைய கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், சாப்பாட்டுக்கும், ஒரு கம்பளிக்கும் கங்காணி பணம் கொடுப்பார். அவ்வளவும் அவன் பேரில் எழுதப்படும். ஆக, தொழிலாளியைக் கொண்டுவரும் செலவைத் தொழிலாளியே சுமந்தான். முதலாளி செய்ய வேண்டிய செலவு கூலிக்காரன் தலையில் கடனாக ஏறியது.

தோட்டத்தில் பெரியகங்காணிக்கு வருமானம் பல வழியில் வந்தது. தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அதற்குத் தலைக்காசு என்று நாளுக்கு நாள் ஒரு தொகை. அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், அவர்களுக்கு வேறு காசு. கடை வைத்திருந்தவர்களும் வட்டிக்குக் கொடுத்தவர்களும் உண்டு. சம்பளம் பல தோட்டங்களில் கங்காணி கை வழியாகத்தான் போனது. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்குத் தலைக்காசு போச்சு. அதனால் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கதவைத் தட்டிக் காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) எழுப்புவதில் அவருக்குச் சொந்த அக்கறை இருந்தது.

கொடுமைக்காரர் என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாணம், சாவு, கோயில், பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நின்றார். துரையிடம் வாய் திறந்து பேசக்கூடிய ஒரே தமிழரும் பெரும்பாலும் அவர்தான். பல பெரியகங்காணிகள் ஊரில் செல்வாக்குள்ள சாதியார். தொழிலாளரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியார். ஊரில் இருந்த மேல் கீழ் அப்படியே கப்பலேறி வந்தது, துரைக்கு அது வசதியாக இருந்தது.

துண்டு என்றால் என்ன?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். துண்டு என்பது ஒரு சிறு காகிதம். "இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் இவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள், அந்தத் தொகையை யார் கட்டுகிறார்களோ அவர்களிடம் இவர்களை விட்டுவிடுகிறேன்" என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டங்களுக்குப் போவார். ஆள் தட்டுப்பாடு உள்ள ஒரு துரை அந்தக் கடனைக் கட்டி மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்வார்.

விளக்கத்துக்காக நானே போட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கங்காணியிடம் 20 பேர், கடன் 600 ரூபா. தலைக்கு 30 ரூபா. அடுத்த தோட்டத்துத் துரை 600 ரூபாவைக் கட்டுகிறார், கங்காணியைத் தன் பக்கம் இழுக்க மேலே 200 ரூபா முன்பணமும் தருகிறார். இப்போது கடன் 800 ரூபா, தலைக்கு 40. அந்த 200 ரூபா தொழிலாளி கைக்கு வந்ததா? பெரும்பாலும் இல்லை. ஆனால் கணக்கு அவன் பேரில்தான் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் ஒரு துண்டு, மறுபடியும் ஏற்றம். இடம் மாற மாறக் கடன் வளர்ந்தது. தொழிலாளி எழுதப் படிக்கத் தெரியாதவன், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் முடியாது.

அந்தப் பிள்ளையின் தாத்தா கதைக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. கடனை அடைக்க அவர் எவ்வளவு உழைத்தார் என்பது வேறு விஷயம். அந்தக் கடனின் தொகையைத் தீர்மானிக்கும் பேனா அவர் கையில் இருக்கவில்லை.

தோட்டக்காரர்களே ஒரு கட்டத்தில் இதைத் திட்டத் தொடங்கினார்கள். தொழிலாளி மேல் இரக்கம் வந்து அல்ல, ஒருவர் ஆளை மற்றவர் இழுக்க முன்பணம் ஏறிக்கொண்டே போனதால். 1854இல் கண்டியில் அவர்கள் அமைத்த தோட்டக்காரர் சங்கம் அரசை நெருக்கியது. அந்தச் சங்கம் 1904இல் திருச்சியில் ஆள் சேர்க்கும் அலுவலகம் ஒன்றையும் திறந்தது. கடைசியில் 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு கொடுப்பதைத் தடை செய்தது.

ஓடிப்போனால் என்ன ஆகும்?

சிறை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவிப்பில்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், மூன்று மாதம் வரை மறியல் விழும். துரை சம்பளம் தரத் தவறினால் தொழிலாளி வழக்குப் போட்டு அலைய வேண்டும். தொழிலாளி தவறினால் பொலிஸ் வரும். இந்தச் சிறைத் தண்டனையும் 1921இல்தான் நீங்கியது.

எந்த வழியாக வந்தார்கள்?

முதல் காலத்தில் இராமேசுவரம் பக்கமிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து வறண்ட காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 150 மைலுக்கு மேல். தண்ணீர் இல்லாத பாதை, கொலரா, அம்மை. வழியிலேயே விட்டுவிட்டு வந்த உடல்களைப் பற்றி எங்கள் அப்பாயி, அவருடைய அப்பாயி சொன்னதாகச் சொல்வார். 2023இல், மலையகத்தின் 200 ஆண்டை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் பிள்ளைகள் நடந்தது அந்தப் பாதையை நினைத்துத்தான்.

1901ஐ ஒட்டித் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் பொறித்த ஒரு தகரத் தகடு, கழுத்தில் கட்டியிருப்பார்கள். அதைக் காட்டினால் வழியில் சாப்பாடும் பயணமும் கிடைக்கும், செலவு தோட்டத்தின் கணக்குக்குப் போகும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலோடு ரயில் இணைந்தது. மண்டபம் முகாமில் சில நாள் அடைத்து வைத்து, ஊசி போட்டு, துணியை அவித்து அனுப்புவார்கள். மண்டபத்தின் பேரைச் சொன்னாலே முகம் சுளித்த கிழவிகளை எனக்குத் தெரியும்.

கோப்பி ஏன் அழிந்தது? அப்போது தொழிலாளருக்கு என்ன ஆனது?

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் ஒரு பூஞ்சணம் தென்பட்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் வரிசையாக விழுந்தன. கடன் வாங்கித் தோட்டம் போட்ட துரைமார் திவாலானார்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. அந்தக் காலத்தில் நோட்டு அடித்ததே தனியார் வங்கிகள்தான், நாட்டில் புழங்கிய நோட்டில் பெரும்பகுதி இந்த வங்கியுடையது. நோட்டு செல்லாமல் போகும் என்று சனம் பயந்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அதன் பிறகுதான் அரசாங்கமே நோட்டு வெளியிடும் முறை வந்தது.

தொழிலாளருக்கு அப்படி யாரும் பொறுப்பு ஏற்கவில்லை. தோட்டம் கைமாறியபோது பல மாதச் சம்பளப் பாக்கி அப்படியே போனது. ஓர் இரவில் நோட்டைக் காப்பாற்ற முடிந்த அரசுக்கு, கூலியை மாதா மாதம் கொடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சட்டம் எழுத 1889 வரை ஆனது. இந்த இரண்டு தேதிகளையும் பிள்ளைகளிடம் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்வேன்.

அப்புறம் தேயிலை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்டிருந்தார். கோப்பி விழுந்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இதனால் நம் வாழ்க்கையே மாறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்கள்தான் நிறைய ஆள் வேண்டும், வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் பலர். தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுக்க வரும். ஆகவே குடும்பமாகக் கொண்டுவந்து இங்கேயே தங்க வைத்தார்கள். கொழுந்தெடுக்கப் பெண்கள், கவ்வாத்துக்கும் (செடியை வெட்டிவிடவும்) முள்ளுக் குத்தவும் (முள்ளுக் கருவியால் மண்ணைக் கிளறவும்) ஆண்கள், பூச்சி பொறுக்கப் பிள்ளைகள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா (அறை) வரிசையாகக் கட்டிய லயங்கள் நிரந்தரமானது இந்தக் காலத்தில்தான்.

சம்பளம் எவ்வளவு? அரிசி ஏன் தோட்டத்திலேயே வாங்கினார்கள்?

வேலைக்கு வந்த நாளை நம் தோட்டங்களில் "பேர்" என்பார்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவுப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் கூலி. கொழுந்து குறைந்தாலோ மழையில் நேரத்துக்கு முன் இறங்கினாலோ அரைப்பேர். எங்கள் அப்பாயி வேலையை விட்டு இருபது வருடம் ஆன பிறகும், அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்பது "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்றுதான்.

பேர் விழுந்தாலும் முழுக் கூலி கைக்கு வராது. அரிசியைத் தோட்டமே இறக்கி, ஆட்களுக்கு அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துவிடும். அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. கடன், அரிசி, கம்பளி, கோயில் காசு எல்லாம் போக மிச்சம் என்ன என்பதைச் சம்பள நாளில்தான் தெரிந்துகொள்வார்கள்.

1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, 1929இல் நடைமுறைக்கு வந்தது. உயர்ந்த மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அரிசி ஒரு புசல் (முகத்தல் அளவு) 4 ரூபா 80 சதத்துக்குத் தர வேண்டும் என்ற கணக்கின் மேல் இந்தக் கூலி நின்றது. உலகப் பொருளாதாரம் சரிந்த 1930களில் அதையும் குறைத்தார்கள். பிள்ளைக்கும் ஒரு விலை போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், சட்டமே அப்படித்தான் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1984இல்தான் வந்தது. கூடையைச் சுமந்தவள் பெண், கூலியை வாங்கியது அநேகமாகப் புருஷன் அல்லது அப்பா.

தேயிலையில் வந்த இலாபம் எங்கே போனது?

தனித்தனித் துரைமார் போய், லண்டனில் பதிவான கம்பனிகள் தோட்டங்களை வாங்கின. கொழும்பில் இருந்த ஏஜென்சிக் கம்பனிகள் அவர்களுக்காக எல்லாவற்றையும் செய்தன. உரம், இயந்திரம், அரிசி வாங்குவது, கடன் பிடிப்பது, தேயிலையைக் கப்பலேற்றுவது, துரையை வேலைக்கு வைப்பது. ஒவ்வொன்றிலும் ஒரு கமிஷன். கொழும்பில் 1883 ஜூலை 30ஆம் தேதி முதல் தேயிலை ஏலம் நடந்தது, ஆனால் பெரிய சந்தை லண்டன் மின்சிங் லேன்தான். கப்பல், காப்புறுதி, தரகு, கலவை போட்டுப் பொட்டலம் கட்டுவது எல்லாம் வெளியே. தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கித் தன் கடைகளில் நேராக விற்றார். அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைக்குப் போகிறவர்கள் அவர் இருக்கை என்று ஓரிடத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். கீழே தெரியும் லயங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

செட்டியார்களுக்கு இதில் என்ன பங்கு?

பிரித்தானிய வங்கிகள் உள்ளூர்க்காரருக்கு நேராகக் கடன் தருவது அபூர்வம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அந்த வங்கிகளிடம் வாங்கி, கூடிய வட்டிக்கு உள்ளூர் வியாபாரிகளுக்கும் காணிக்காரருக்கும் கொடுத்தார்கள். கொழும்புச் செட்டியார் தெருதான் மையம், மலையக நகரங்களின் கடைகள்வரை அந்தப் பணம் ஓடியது. 1925இல் ஒரு நெருக்கடி வந்ததும் வங்கிகள் அவர்களுக்கான கடனை இறுக்கின. உள்ளூர் மக்களுக்கு வங்கி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1934இல் ஒரு வங்கி ஆணைக்குழு அமர்ந்து, 1939இல் இலங்கை வங்கி திறந்தது.

தொழிற்சங்கம் ஏன் இவ்வளவு பிந்தி வந்தது?

தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் 1919இலேயே தொழிலாளர் நலனுக்குக் குரல் கொடுத்தார்கள், ஆனால் அது கொழும்புப் படித்தவர்களின் குரல். லயத்துக்குள் போனவர் கோ. நடேசய்யர். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1931இல் ஹட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதி, கூட்டங்களில் பாடி, மக்களைத் திரட்டினார். அவர் பேரைப் பாதிப் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கங்காணிக்குக் கீழே நின்றவன் சங்கத்தில் சேர்ந்ததும் கங்காணியின் பிடி தளர்ந்தது. 1939இல் நேரு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாகி, அடுத்த வருடம் அதன் தொழிற்சங்கமும் வந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அவருக்காக விசாரணையில் வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு சிங்கள இடதுசாரி. இதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எப்படித் தேடுவது?

முதலில் வீட்டில் உள்ள பழைய பெட்டியைத் திறங்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பித்த படிவத்தின் பிரதி, பழைய கடவுச்சீட்டு, பிறப்பு அத்தாட்சி ஆகியவற்றில் ஊர், தாலுகா, சில்லா (மாவட்டம்) எழுதியிருக்கும். 1948 குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியதால் சேர்த்த காகிதங்கள்தான் இவை, ஆனாலும் இன்று வேரைத் தேட உதவுகின்றன. தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல் புத்தகம் மிஞ்சியிருந்தால் அதில் எந்தக் கங்காணியின் ஆட்கள் என்று இருக்கும். ஒரே கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்துக் கிராமங்கள். ஆகவே உங்கள் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஊர் தெரிந்தால் மற்றவர்களுக்கும் வழி கிடைக்கும். ஊர்ப் பெயர் மறந்தவர்களுக்குக் குலதெய்வத்தின் பெயர் மறக்காது. பாட்டி உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய், எந்தச் சாமிக்கு முதலில் படைப்பீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.